ஒன்றில் நிற்பதா, பலவற்றில் நடப்பதா?

இலண்டன் மாநகரில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் இரண்டு மாதங்களுக்கு முன் எனக்கு ஒரு வினா விடுத்தார். பகலிலே கணக்காய்வு நிலையமொன்றிற் பணிபுரியும் அவர், வார இறுதி இரவுகளில் நடனக்கூடங்களிலே இசைத்தட்டுக்களை ஒன்றோடொன்று இயைத்து ஒலிக்கச் செய்பவர். டீ.ஜே. என்று உலகம் வழங்குவது இத்தொழில் செய்வோரையே. தமிழில் இசைத்தட்டாளர் என்று வைத்துக்கொள்வோம்; இதனினும் நல்ல சொல் அறிந்த அன்பர் உளரேல் அதனை ஏற்பதில் எனக்குத் தடையில்லை.

“ஐயா, நான் ஹவுஸ் இசையும் போடுகிறேன், ரெக்னோவும் போடுகிறேன், டிறம் அன்ட் பேசும் போடுகிறேன். நீ எந்த வகைக்காரன் என்று முதலிற் சொல், பிறகு அழைக்கிறோம் என்கிறார்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடட்டுமா? நீங்கள் எங்களுக்கு இலக்கணமும் படிப்பித்தீர்கள், இலக்கியமும் படிப்பித்தீர்கள். உங்களுக்கு இதன் விடை தெரிந்திருக்கும்” என்பது அவர் எழுதியது.

வினா வெறும் ஆராய்ச்சிக்காக எழுந்ததன்று. அவர் முன் இரண்டு அழைப்புகள் இருந்தன. கோடைகால இசைவிழாக்களுக்குக் கலைஞரை அனுப்பும் முகவர் ஒருவர், ரெக்னோ மாத்திரமே இசைப்பதாயின் தம் பட்டியலிற் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார்; நல்ல ஊதியம். மற்றையது நூற்றைம்பது பேர் கொள்ளும் சிறு கூடம் ஒன்றின் அழைப்பு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணி தொடக்கம் காலை நான்கு மணி வரை அவர் விரும்பியதை இசைக்கலாம்; ஊதியம் சொற்பம். இரண்டும் ஒரே நாட்களில் வருவதால் ஒன்றை மறுத்தேயாக வேண்டும்.

எனக்கு விடை தெரிந்திருக்கவில்லை. ஆயினும் மாணவர் கேட்டதற்குத் தெரியாது என்று சொல்லி வாளாவிருக்க ஆசிரியன் மனம் ஒவ்வுவதில்லை. என் மகளின் காதுப்பொறியை இரவல் வாங்கிக்கொண்டு மூன்று கிழமை கேட்டேன், கிடைத்தவற்றையெல்லாம் வாசித்தேன். உரல் இடிப்பதற்கும் இவ்விசைக்கும் வேறுபாடு காண்பதிலேயே முதற் கிழமை கழிந்தது என்பதை மறையாது சொல்லிவிடுகின்றேன். பின்னர்ச் செவி பழகிற்று.

வகைகளின் பெயர்க்காரணத்தைத் தேடியபோதே முதல் வியப்பு ஏற்பட்டது. ஹவுஸ் என்பது ஓர் இசையிலக்கணத்தின் பெயர் என்றே நான் எண்ணியிருந்தேன். அஃது ஒரு கட்டடத்தின் பெயர். அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே, தெற்கு ஜெபர்சன் வீதியில், 206ஆம் இலக்கக் கட்டடத்தில் 1977இல் வெயர்ஹவுஸ் என்னும் நடனக்கூடம் தொடங்கிற்று. பண்டகசாலை என்பது அப்பெயரின் பொருள். வந்து ஆடியோர் பெரும்பாலும் கறுப்பின இளைஞர்; அவருள்ளும் பலர் தன்பால் விருப்பினர்; பிறவிடங்களில் வாயிலடைக்கப்பட்டோர். அவர்களுக்கு இசை தர நியூயோர்க்கிலிருந்து வந்தவர் பிராங்கி நக்கிள்ஸ். அவர் அங்கே இசைத்தவற்றைப் பாருங்கள்: அமெரிக்க டிஸ்கோ, பிலடெல்பியா நகரத்துச் சோல் பாட்டு, இத்தாலிய நடனத்தட்டுக்கள், ஐரோப்பாவின் மின்னிசை. இத்தனையும் ஓரிரவில், ஒரே கூடத்தில். அந்நகரத்து இசைத்தட்டுக் கடையொன்றில், வெயர்ஹவுசிற் கேட்டவை என்று வாடிக்கையாளர் வந்து கேட்ட தட்டுக்களுக்கு அப்பெயரை எழுதி வைத்தனரென்றும், அது குறுகி ஹவுஸ் ஆயிற்றென்றும் வழங்குவர். பல வகைகளைக் கலந்த ஒருவருடைய தெரிவே பிற்காலத்தில் ஒரு தனி வகையின் பெயராய் நின்றதென்பது தெளிவு. இன்று ஹவுஸ் மாத்திரமே இசைப்பேன் என்று விரதம் பூண்போர் இதனை நினைப்பாரோ அறியேன். சிக்காகோ நகரசபை அக்கட்டடத்தை 2023இல் பாதுகாக்கப்பட்ட நினைவிடமாக அறிவித்தது. நக்கிள்ஸ் அதனைக் காணவில்லை, 2014இல் மறைந்தார்.

அவர் கலந்தமைக்கு ஒரு காரணமும் உண்டு. 1979 ஜூலை 12ஆம் நாள் அதே நகரத்தின் கொமிஸ்கி பார்க் மைதானத்தில், இரண்டு பேஸ்போல் ஆட்டங்களுக்கு இடையே, டிஸ்கோ இசைத்தட்டுக்களைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தனர். கூட்டம் மைதானத்துள் புகுந்து இரண்டாவது ஆட்டமே நடவாமற் போயிற்று. டிஸ்கோவின் மீது எழுந்த இவ்வெறுப்பைக் கண்டு பெரிய நிறுவனங்கள் அவ்விசையைக் கைவிடத் தொடங்கின. புதிய தட்டுக்களின் வரவு குன்றிற்று. ஆடுவோரோ கிழமைதோறும் வந்தனர். ஆதலால் நக்கிள்ஸ் உள்ளவற்றையே புதுக்கினார். ஒலிநாடாவை வெட்டியும் ஒட்டியும் பாட்டின் தாளப்பகுதியை நீட்டினார். பின்னர்த் தாள இயந்திரத்தையும் துணைக்கொண்டார். வகையைக் காப்பது அவர் நோக்கமன்று. சனிக்கிழமை இரவு வாயிலில் நின்றவர்களை ஏமாற்றாது அனுப்புவதே நோக்கம்.

நக்கிள்சின் இளமைத் தோழர் லறி லெவன் நியூயோர்க்கில் கிங் வீதியில் இருந்த பரடைஸ் கராஜ் என்னும் கூடத்தில் 1977 முதல் 1987 வரை இசைத்தார். வாகனத் தரிப்பிடமாயிருந்த கட்டடம் அது. த கிளாஷ் என்னும் ஆங்கிலேய றொக் குழுவின் தட்டும், ஜேர்மனியரான மனுவல் கொட்சிங்கின் நீண்ட மின்னிசையும், தேவாலயப் பாட்டின் சாயலுடைய குரல்களும் அவர் கூடத்தில் அடுத்தடுத்து ஒலித்தன. அக்கூடத்தின் பெயரும் கராஜ் என ஒரு வகைப் பெயராயிற்று. பண்டகசாலை ஒன்று, வண்டித் தரிப்பிடம் ஒன்று. இரண்டும் வாயிற் பலகையிலிருந்து இசைநூலுக்கு ஏறிய பெயர்கள்.

ரெக்னோவின் கதை வேறு. டெட்ரோயிற் நகரத்துக்கு அண்மையிலுள்ள பெல்வில்லில் வளர்ந்த ஹுவான் அற்கின்சும் அவர் தோழரும் இளமையில் இரவு வானொலியிற் கேட்டது எலெக்ரிபையிங் மோஜோ என்னும் புனைபெயருடைய அறிவிப்பாளரை. அவர் ஜேர்மனியக் குழுவான கிறாப்ற்வேர்க்கையும், அமெரிக்கப் பங்க் இசையையும், பிரின்சையும் ஒரே இரவில் ஒலிபரப்பியவர். அச்செவியுணவில் வளர்ந்த இளைஞர் ஆக்கிய இசையை 1988இல் இங்கிலாந்திலே ஒரு தொகுப்பாக வெளியிட முனைந்தனர். டெட்ரோயிற்றின் ஹவுஸ் இசை என்றே முதலிற் பெயரிட எண்ணியிருந்தனர். அற்கின்ஸ் தந்த பாட்டின் பெயரைக் கொண்டு இறுதியில் ரெக்னோ என்று மாற்றினர். விற்பனைக்கு வைக்கும் அட்டையில் அச்சிடப்பட்ட ஒரு சொல்லின் இருபுறமும் இன்று இரண்டு கட்சிகள் நிற்கின்றன.

இவ்வளவையும் அறிந்தபின் என் மாணவருக்கு, பலவற்றிலும் நட என்று உடனே எழுதிவிட எண்ணினேன். நல்ல வேளையாக எழுதவில்லை. எதிர்ப்பக்கத்து நியாயத்தை இன்னும் நான் கேட்டிருக்கவில்லை.

அந்நியாயம் டிறம் அன்ட் பேஸ் என்னும் வகையில் வலிதாய் உள்ளது. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலண்டனில் ஹெவன் என்னும் கூடத்தில் ரேஜ் என்ற வியாழக்கிழமை இரவை நடத்திய பேபியோவும் குறூவ்றைடரும், உடைந்த தாளமுடைய தட்டுக்களை வேகமாக்கி இசைத்தனர். ஜங்கிள் என்றும் பின்னர் டிறம் அன்ட் பேஸ் என்றும் பெயர் பெற்ற இசைக்கு அவ்விரவுகள் வித்தாயின. அவ்விருவரும் அதன்பின் அதிலேயே நின்றனர். 1998 முதல் பி.பி.சி. வானொலியிலும் அவ்வகைக்கே நிகழ்ச்சி நடத்தினர். ஒரு துறையில் நிற்றலால் அவர் போன்றோர் பெற்றது யாது? இயற்றுவோரின் நம்பிக்கை. ஒருவன் தன் அறையில் இரவிரவாக ஒரு பாட்டை ஆக்கி முடித்தால், அது வெளிவருவதற்கு முன்பே அதனை மெல்லிய அசற்றேற்றுத் தட்டொன்றில் வெட்டுவித்து இத்தகையோர் கையிற் சேர்ப்பிப்பான். டப்பிளேற் என்பது அத்தட்டின் பெயர். சில பத்துத் தடவை ஒலித்தால் தேய்ந்துபோகும். அத்தேய்வுக்குள் பாட்டின் தகுதி தெரிந்துவிடும். ஆடற்றளம் அசைந்தால் வெளியீடு, அசையாவிடில் திருத்தம். எங்கள் பக்கத்தில் நூலை அவையிலே அரங்கேற்றுதல் போன்றது. அவ்வகையின் ஆயிரம் பாட்டுக்களைக் கேட்ட செவிதான் ஆயிரத்தோராவது பாட்டிற் புதியது எது என்று சொல்லும். கிழமைக்கொரு வகைக்குத் தாவுபவரிடம் யார் தம் பாட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பர்?

கலியாண வீடுகளில் எல்லா வகையிலும் இரண்டிரண்டு பாட்டு ஒலிக்கச் செய்யும் ஒருவரை நீங்களும் கண்டிருப்பீர்கள். ஒவ்வொன்றிலும் எல்லோரும் அறிந்த பாட்டு மாத்திரமே அவருக்குத் தெரியும். நுனிப்புல் மேய்தல் என்பது அதுதான். அதனைப் பன்முகப் புலமை என்று மயங்குதல் கூடாது.

இன்னொரு தடை கருவியைப் பற்றியது. கணக்கு ஆசிரியர்களுக்கு இது பிடிக்கும். இசைத்தட்டாளரின் கருவியாகப் பெயர்பெற்றது ரெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 என்னும் சுழல்தட்டு. 1972இல் வந்தது, 1979இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில், மேலும் கீழும் தள்ளும் கட்டை ஒன்றினால் வேகத்தை நூற்றுக்கு எட்டு வீதம் கூட்டலாம், குறைக்கலாம். ஹவுஸ் இசையின் காலப்பிரமாணம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 முதல் 130 அடி. டிறம் அன்ட் பேஸ் 174ஐ ஒட்டியது. 125ஐ எட்டு வீதம் கூட்டினால் 135. 174ஐ எட்டு வீதம் குறைத்தால் 160. இடையே இருபத்தைந்து அடி அகலமுள்ள ஆறு, பாலம் இல்லை. அன்றியும் வேகம் ஆறு வீதமளவில் ஏறும்போதே பாட்டின் சுருதி அரைச்சுரம் உயர்ந்துவிடும். பாடியவரின் குரல் மாறும். ஆகவே ஒரு தட்டின் தாளத்தை அடுத்ததன் தாளத்தோடு பிசகாமற் பொருத்துவதே கலை என்று கொண்டவர்கள், அண்மைக் காலப்பிரமாணமுள்ள வகைகளுக்குள்ளேயே அடங்கவேண்டியதாயிற்று. ஒரு வகையில் நிற்றல் கொள்கையாவதற்கு முன் வசதியாக இருந்தது என்று எண்ணுகின்றேன்.

ஆற்றைத் தாண்ட ஒரு வழி உண்டு. நிமிடத்துக்கு 87 அடியாக நடக்கும் றெகே பாட்டொன்றை 174இன் அருகே வைத்தால், ஒன்று முதற்காலம், மற்றையது இரண்டாங்காலம். தவில் கற்ற எவரும் இதனைக் கேட்டு வியப்படையார். மற்றொரு வழி நியூயோர்க்கின் டேவிட் மன்கூசோ காட்டியது. 1970 முதல் த லொவ்ற் என்னும் பெயரால் தம் இல்லத்திலேயே நடன இரவுகளை நடத்திய அவர், பிற்காலத்தில் தட்டுக்களை இணைப்பதையே விட்டுவிட்டார். ஒரு பாட்டைத் தொடக்கம் முதல் இறுதி வரை முழுமையாக ஒலிக்கவிட்டு, சற்று இடைவெளி விட்டு, அடுத்ததை வைத்தார். இணைப்பு வேண்டாதவரைக் காலப்பிரமாண வேலி என்ன செய்யும்? இன்று அவ்வேலி எவருக்கும் இல்லை. 2001இல் வந்த பயனியர் சீ.டீ.ஜே. 1000 போன்ற கருவிகளும் பின்னர்க் கணினியும் சுருதி மாறாமலே வேகத்தை மாற்றுகின்றன. கருவியின் தடை நீங்கிய பின்னும் வகைப் பற்று நீங்கவில்லையே என்று கேட்பின், அது விளம்பரச் சுவரொட்டியின் தேவை என்பேன். பெயருக்குக் கீழே ஒரு சொல் அச்சிடவேண்டும்.

ஆயின் யான் கண்ட முக்கியமான வேறுபாடு வகையிலும் இல்லை, கருவியிலும் இல்லை, நேரத்தில் உள்ளது. நக்கிள்சும் லெவனும் இரவு முழுவதையும் தம் கையில் வைத்திருந்தவர்கள். இன்றைய இசைவிழாவில் ஒருவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அறுபது அல்லது தொண்ணூறு நிமிடம். பள்ளிக்கூடத்தில் பாடவேளை நாற்பது நிமிடம். அதற்குள் ஒரு செய்யுளைத்தான் ஒழுங்காகப் படிப்பிக்கலாம். தொகைநூலையும் காப்பியத்தையும் சிற்றிலக்கியத்தையும் அந்நாற்பது நிமிடத்துள் தொட்டுக்காட்டுபவர் மாணவர்க்கு எதனையும் கொடாது மணியடிக்கப் போய்விடுவார். கோயிலில் இரவிரவாகப் புராணத்துக்குப் பயன் சொல்பவரோ எங்கும் போய்வரலாம். திரும்பி வர அவருக்கு நேரம் உண்டு. டெட்ரோயிற்றின் ஜெப் மில்ஸ் இரண்டையும் அறிந்தவர். 1980களில் வானொலியில் விசார்ட் என்னும் பெயரோடு பலவகைத் தட்டுக்களை மின்னல் வேகத்தில் மாற்றி இசைத்தவர், பின்னர் ரெக்னோவிலே நிலைகொண்டார். 1995இல் தோக்கியோ நகரின் லிக்குயிட் றூம் கூடத்தில் அவர் இசைத்ததன் ஒலிப்பதிவில், ஏறத்தாழ ஒரு மணி நேரத்துள் முப்பதுக்கு மேற்பட்ட தட்டுக்கள் வருகின்றன. யான் மூன்று முறை கேட்டேன். வகை ஒன்றுதான்; ஆனால் கைவேகத்தில் பழைய வானொலிக்காரர் மறைந்திருக்கிறார். பலவற்றிற் பழகிய கை ஒன்றில் நின்றால் எப்படியிருக்கும் என்பதற்கு அதனைக் காட்டலாம்.

பலவற்றைக் கலப்பதும் நாளடைவில் ஒரு வகையாய் இறுகிவிடும் என்பதையும் சொல்லவேண்டும். ஸ்பெயினுக்குரிய இபிசாத் தீவில், ஆர்ஜென்ரீனாவிலிருந்து வந்த அல்பிரெடோ என்பார் 1980களில் அம்னீசியா என்னும் திறந்தவெளிக் கூடத்தில் விடியும்வரை கைக்கு வந்த நல்லவற்றையெல்லாம் இசைத்தார். 1987இல் அங்கே சென்ற ஆங்கிலேய இளைஞர் சிலர் அதனை இலண்டனுக்குக் கொண்டுவந்தனர். சில காலத்துள் பலியாறிக் என்னும் பெயரோடு கடையில் அதற்கும் ஒரு தட்டு ஒதுக்கப்பட்டது. அல்பிரெடோ 2024இல் மறைந்தார், பெயர் இருக்கிறது.

இங்கே என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகின்றேன். இருபத்தேழு வயதில் ஒரு கல்லூரியில் ஆசிரியனாக அமர்ந்தபோது, இலக்கணம் அன்றி வேறொன்றும் தொடேன் என்று இருந்தேன். அதிலே எனக்குப் பெருமையும் இருந்தது. சில ஆண்டுகள் சென்றபின் மாணவி ஒருத்தி தான் எழுதிய கவிதை ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். யாப்பில்லாத கவிதை; விட்டுவந்த வீட்டைப் பற்றியது. நான் அதில் இருந்த இரண்டு சந்திப் பிழைகளைச் சிவப்பு மையாற் சுழித்துத் திருப்பிக் கொடுத்தேன். அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். பின்னர் எதுவும் கொண்டுவரவில்லை. அக்கவிதையின் ஓர் அடிகூட இப்பொழுது எனக்கு நினைவில்லை. பிழைகள் இரண்டும் நினைவில் உள்ளன. புதிய கவிதையை நான் வாசிக்கத் தொடங்கியது அதன் பின்னர்தான். அங்கே எனக்குக் கைகொடுத்ததும், சொல் எங்கே ஒட்டுகிறது, எங்கே முறிகிறது என்று கேட்கப் பழகிய அதே இலக்கணச் செவிதான்.

என் மாணவருக்கு எழுதிய மறுமொழியின் சாரம் இது: தம்பி, சிறு கூடத்தை ஏற்றுக்கொள். உனக்கு நன்கு தெரிந்தது ரெக்னோ என்று நீயே எழுதியிருக்கிறாய். இரவின் நடுப்பகுதி மூன்று மணி நேரத்தை அதற்கே கொடு. அதில் ஆழமாகப் போ. இயற்றுவோரைத் தேடிப் பழகு. கூட்டம் சேருமுன் உள்ள முதல் இரண்டு மணியிலும், கலையும் வேளையான கடைசி மணியிலும் மற்றவற்றை வை. 135க்கும் 160க்கும் இடையே கருவியின் உதவியாற் பாயாதே. மன்கூசோவைப் போல ஒரு பாட்டை முடியவிட்டு மற்றதைத் தொடங்கு. அந்த இடைவெளியை ஆடுவோர் பொறுப்பர். ஒரே மக்கள் மாதந்தோறும் வந்தால் அவர்களே உனக்குச் சொல்வார்கள், எதனை எவ்வளவு வைப்பதென்று. முகவரின் பட்டியல் அதனைச் சொல்லாது. ஓய்வூதியம் உறுதியான ஒருவன், வீட்டு வாடகை கொடுப்பவனுக்கு ஊதியத்தை விடு என்று அறிவுரை சொல்வது எத்துணை எளிது என்பதை யான் அறிவேன். ஆதலால் இதனை நீ ஏற்காவிட்டாலும் எனக்கு மனக்குறையில்லை என்றும் எழுதினேன்.

சென்ற ஞாயிறு காலையில் அவரிடமிருந்து செய்தி வந்தது. முகவருக்கு மறுப்பெழுதிவிட்டார். முதலிரவு நடந்து முடிந்தது. பதினொரு மணிவரை கூடத்தில் ஏழு பேரே இருந்தனராம். பன்னிரண்டுக்குப் பின் அறுபதளவிற் சேர்ந்தனராம். கடைசி மணியில் வைத்த றெகே பாட்டுக்குக் கூடத்தின் காவலாளியும் உள்ளே வந்து நின்று தலையசைத்தாராம். வாடகையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. என்னென்ன இசைத்தாய் என்று மாத்திரம் கேட்டேன். ஆறு மணி நேரத்துப் பட்டியலையும் ஒலிப்பதிவோடு அனுப்பியிருக்கிறார். பாதிவரை கேட்டிருக்கின்றேன். மீதிக்குள் மகள் தன் காதுப்பொறியைத் திருப்பிக் கேட்கிறாள்.